எல்டிஓ-8 டேப் டிரைவ் ரிவ்யூ: செகண்டுக்கு 38 எம்பில தவழ்ந்தது இப்ப 290ல ஓடுது

ஏழு மாசமா ஒரு எல்டிஓ-8 டிரைவ் வச்சு ஓட்டிட்டு இருக்கேன், அதாவது டேட்டாவ காந்த டேப் கேசட்ல எழுதி வைக்கிற மெஷின், அதுல எட்டாவது தலைமுறை. ஹாஃப் ஹைட் (பாதி உயர சைஸ்), வெளிய வைக்கிற மாடல், சாஸ் கேபிள்ல (சர்வர்ல டிஸ்க், டேப் மாட்டுற வகை) கனெக்ட் ஆகும். வாங்கின முதல் வாரம் இதப் பத்தி எழுதியிருந்தா ஒரு ஸ்டார்தான் போட்டிருப்பேன், இன்னைக்கு நாலரை ஸ்டார் தயங்காம போடுவேன். டிரைவ் அதேதான், நடுவுல ஒரு ஸ்க்ரூ கூட மாத்தல. மாறினது எல்லாம் டிரைவுக்கு இந்தப் பக்கம், அதாவது டேட்டா அதுக்குப் போய்ச் சேர்ற வழி. அதனால இது பாதி டிரைவ் ரிவ்யூ, பாதி ரைட் ஸ்பீட் எப்படி ஏத்தினேன்ங்கிற விவரம். கம்பெனி பேர் வேணும்னே போடல, எல்டிஓங்கிறது பொது ஸ்டாண்டர்ட், யார் டிரைவ் வாங்கினாலும் டேப் ஒரே டேப்தான், நான் சொல்றது எல்லாத்துக்கும் பொருந்தும்.

நான் சேமிக்கிறது பழைய பத்திரிகை, புத்தகப் பக்கங்களோட ஸ்கேன். கிட்டத்தட்ட மூன்றரை லட்சம் பக்கம். ஒரு ஏ4 பக்கத்த 300 டிபிஐ கலர்ல கம்ப்ரஸ் பண்ணாத டிஃப்பா (ஒரு பட ஃபைல் வகை) வச்சா 26 எம்பி வரும், அதோட ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஜேபெக், ஒரு ஓசிஆர் டெக்ஸ்ட் ஃபைல் (படத்துல இருந்து பிரிச்செடுத்த எழுத்து), ஒரு மெட்டாடேட்டா ஃபைல் (பக்கத்தோட விவரக் குறிப்பு). டிஃப் மட்டுமே 9 டிபி தாண்டும். இதுல பாதி பக்கத்தோட காகிதம் இன்னைக்கு தொட்டா நொறுங்குற நிலைமைல இருக்கு, திரும்ப ஸ்கேன் பண்ணவே முடியாது, அதான் ஹார்ட் டிஸ்க்க மட்டும் நம்பி இருக்க மனசு வரல. எல்டிஓ டேப்ப சரியான சூட்டுல, ஈரப்பதத்துல வச்சா 30 வருஷம் வரைக்கும் தாங்கும்னு சொல்றாங்க, அலமாரில சும்மா இருக்கும்போது கரண்டும் வேணாம், நெட்வொர்க்லயும் இல்ல, வைரஸ் எதுவும் உள்ள புகுந்து அழிக்க வழியே இல்ல. முடிவு பண்ண இது போதும்னு தோணுச்சு.

எல்டிஓ-8ல ஒரு டேப்புக்கு 12 டிபி, ஹாஃப் ஹைட் டிரைவோட ஸ்பீட் செகண்டுக்கு 300 எம்பி, ஃபுல் ஹைட்னா 360. அட்டைல பெருசா 30 டிபின்னு போட்டிருப்பாங்க, அது டேட்டா ரெண்டரை மடங்கு சுருங்கும்னு வச்சுப் போட்ட கணக்கு, அத நம்பி எதுவும் பிளான் பண்ணாதீங்க. 300ல ஓடினா ஒரு முழு டேப் பதினோரு மணி நேரத்துல நிரம்பணும். சாயங்காலம் போட்டுட்டு காலைல எடுக்கலாம்னுதான் நானும் நெனச்சேன்.

முதல் நாள் ராத்திரி ஓட விட்டப்ப சராசரி 38 எம்பி வந்துச்சு. அந்த வேகத்துல ஒரு டேப் முடிய மூன்றரை நாள் ஆகும். அத விட பயமா இருந்தது அந்த சத்தம்தான், உய்ய்ய்னு ஓடும், டக்குனு நிக்கும், பின்னாடி கொஞ்சம் ஓடும், மறுபடி முன்னாடி, மறுபடி நிக்கும், ராத்திரி பூரா இதேதான். பீஸே டிஃபெக்ட்டுன்னு முடிவு பண்ணி ரிட்டர்ன் ஃபார்ம் கூட நிரப்பி வச்சுட்டேன். அனுப்புறதுக்கு முன்னாடி, டேப் லைப்ரரி பாத்துக்கிற வேலைல ரொம்ப வருஷம் இருந்த ஒரு அண்ணனுக்கு அந்த சத்தத்த ரெக்கார்ட் பண்ணி அனுப்பினேன். கேட்ட உடனே சொன்னாரு, "தம்பி, டிரைவ் நல்லாத்தான் இருக்கு, பசில கத்துது. நீ ஒழுங்கா ஊட்டுறியான்னு மொதல்ல பாரு."

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். டேப் ஹார்ட் டிஸ்க் மாதிரி இல்ல. உள்ள 960 மீட்டர் நீளத்துக்கு டேப் இருக்கு, அது ஹெட்ட தாண்டி செகண்டுக்கு அஞ்சு மீட்டர் மாதிரி ஓடிட்டே இருக்கும், ஒரே நேரத்துல 32 டிராக் எழுதும். கடைசி வரைக்கும் போய் அப்படியே திரும்பி வந்து பக்கத்து வரிசைல எழுதும், இப்படி போறது, வர்றது எல்லாம் சேத்து 208 ஓட்டம் ஓடினாத்தான் ஒரு டேப் முடியும். மொத்தம் 200 கிலோமீட்டர் ஓட்டம்! ஓடுறதுக்கு நடுவுல டேட்டா வரலன்னா உடனே பிரேக் போட முடியாது, கொஞ்ச தூரம் தாண்டித்தான் நிக்கும், அப்புறம் பின்னாடி போய், வேகம் எடுத்து, விட்ட இடத்த பிடிச்சு எழுதணும். ஒவ்வொரு தடவையும் சில செகண்ட் வீண். இதத்தான் டேப் ஆளுங்க ஷூ ஷைனிங்னு சொல்றாங்க, ஷூவுக்கு பாலிஷ் போடுற துணி மாதிரி முன்னாடி பின்னாடி தேய்க்கிறதால. நேரம் போறது ஒரு பக்கம், டேப்பும் ஹெட்டும் தேயுறது இன்னொரு பக்கம்.

டிரைவும் முடிஞ்ச வரைக்கும் நமக்காக வேகத்த குறைச்சுக்கும், ஆனா அதுக்கு ஒரு கீழ் எல்லை இருக்கு. எல்டிஓ-8க்கு அது செகண்டுக்கு 100 எம்பிய ஒட்டின கணக்கு. அதுக்குக் கீழ ஊட்டினா வேற வழியே இல்ல, நின்னு நின்னுதான் ஓடும். இது தெரிஞ்சதும் எனக்கு எல்லாம் வெளங்கிடுச்சு, ஏன்னா என் டேட்டா இருந்தது ஒரு நாஸ்ல (நெட்வொர்க்ல மாட்டுற டிஸ்க் பெட்டி), நடுவுல ஜிகாபிட் நெட்வொர்க், அது என்ன பண்ணாலும் செகண்டுக்கு 110, 115 எம்பிக்கு மேல தராது. டிரைவோட குறைஞ்சபட்ச வேகத்துக்கே மூச்சு முட்டுற லைன் அது.

எதையும் மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க, இது ரொம்ப முக்கியம். ரெண்டு தனித்தனி டெஸ்ட் வேணும், டிரைவ் தனியா எவ்வளவு எழுதுது, சோர்ஸ் தனியா எவ்வளவு தருது. இதுல ரெண்டு பொறி இருக்கு. டிரைவ டெஸ்ட் பண்ண எல்லாரும் டெவ் ஜீரோல (லினக்ஸ்ல பூஜ்யமா மட்டும் தந்துட்டே இருக்குற ஃபைல்) இருந்து எழுதுவாங்க, வெறும் பூஜ்யத்த டிரைவ் ஒண்ணுமே இல்லாத அளவுக்கு சுருக்கிடும், அதனால நிஜத்துல வரவே வராத ஒரு பெரிய நம்பர் காட்டும். ராம்ல சில ஜிபிக்கு ரேண்டம் டேட்டா ஃபைல் ஒண்ணு செஞ்சு, அத திரும்பத் திரும்ப டேப்ல எழுதிப் பாருங்க, அதுதான் நிஜமான நம்பர். எனக்கு 298 வந்துச்சு, டிரைவ் மேல தப்பே இல்லன்னு அங்கயே தெரிஞ்சுடுச்சு, ரிட்டர்ன் ஃபார்ம கிழிச்சுப் போட்டேன். ரெண்டாவது பொறி சோர்ஸ் டெஸ்ட்ல. க்னு டார்ல (நெறைய ஃபைல ஒரே ஃபைலா கட்டுற புரோகிராம்) அவுட்புட்ட நேரா டெவ் நல்லுக்கு (எது வந்தாலும் தூக்கிப் போட்டுடுற லினக்ஸ் ஃபைல்) குடுத்தா அது ஃபைல படிக்கவே படிக்காது, நல்லுக்குத்தானே போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு பேர் மட்டும் பாத்துட்டு ஓடிடும், கண்ணுக்கு எல்லாம் ராக்கெட் வேகத்துல முடிஞ்ச மாதிரி இருக்கும். நடுவுல ஒரு பைப் போட்டு எம்பஃபர்னு ஒரு புரோகிராம் வழியா (அத பத்தி பின்னாடி சொல்றேன்) நல்லுக்கு அனுப்பினாத்தான் நிஜமா படிக்கும். அப்படிப் பாத்தப்ப டிஃப் ஃபோல்டர் 108, ஓசிஆர் ஃபோல்டர் வெறும் 4. நாலு எம்பி! 300 கேக்குற டிரைவுக்கு நான் நாலு குடுத்துட்டு இருந்திருக்கேன்.

மொதல்ல நெட்வொர்க்க நடுவுல இருந்து எடுத்தேன். 10 ஜிகாபிட் போட்டிருக்கலாம், அதுவும் நல்ல வழிதான், ஆனா எனக்கு டிஸ்க்குங்கள டிரைவ் இருக்குற மெஷினுக்கே மாத்துறது சுலபமா இருந்துச்சு. நாலு ஹார்ட் டிஸ்க்க ஒண்ணா சேத்து ஓட்டுற ரெய்டு, நேரா உள்ள. பெரிய ஃபைல்ல 450 வரைக்கும் வந்துச்சு. ஒத்த ஹார்ட் டிஸ்க்ல இருந்து எழுதுறவங்க ஒண்ணு கவனிங்க, நல்ல டிஸ்க்கே வெளி வட்டத்துல 250 தரும், உள் வட்டத்துக்குப் போகப் போக அதுல பாதிதான், டிஸ்க் நிரம்பியிருந்தா டிரைவோட முழு வேகத்த எட்டவே முடியாது.

அடுத்தது சின்ன ஃபைல். என் அனுபவத்துல டேப்புக்கு பெரிய எதிரி இதுதான், நெட்வொர்க்க விடவும் பெருசு. 4 கேபி ஃபைல் லட்சக்கணக்குல இருந்தா டிஸ்க்கோட ஹெட் ஒவ்வொரு ஃபைலுக்கும் எங்கயாவது குதிச்சுட்டே இருக்கும், ரெய்டு போட்டாலும் பெருசா உதவாது. அதனால ஓசிஆர், மெட்டாடேட்டா, சின்ன ஜேபெக் எல்லாத்தையும் முன்கூட்டியே ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு கொண்டு வந்து, அங்கயே ஒரு 100 ஜிபி அளவு டார் ஃபைலா கட்டி, செக்சம் (ஃபைல் மாறலன்னு சரி பாக்குற நம்பர்) போட்டு, அப்புறம் அந்த மூட்டைய டேப்புக்கு அனுப்புறேன். மூட்டை கட்டுறது மெதுவா நடக்கட்டும், பகல் பூரா கூட ஆகட்டும், அப்ப டேப் ஓடவே இல்லையே, யாருக்கு என்ன நஷ்டம். பெரிய பேக்கப் சாஃப்ட்வேர்லயும் இதே யோசனைதான் இருக்கு, பாக்குலால டேட்டா ஸ்பூலிங்னு ஒரு செட்டிங், அமாண்டால ஹோல்டிங் டிஸ்க், பேர்தான் வேற. எஸ்எஸ்டி வாங்கும்போது மட்டும் பாத்து வாங்குங்க, க்யூஎல்சி வகைல (ஒரு செல்லுல நாலு பிட் வைக்கிறது) கேஷ் நிரம்பினதும் எழுதுற வேகம் ஹார்ட் டிஸ்க்க விட கீழ போயிடும், 100 ஜிபி 200 ஜிபின்னு தொடர்ந்து கொட்டுற நம்ம வேலைக்கு அது ஆகாது.

இப்ப எம்பஃபர். இதப் பத்தி ஒரு தனி ரிவ்யூவே எழுதலாம், இலவசம், சின்ன புரோகிராம், எனக்கு இந்த ஏழு மாசத்துல அதிகமா உதவினது இதுதான். டாருக்கும் டேப்புக்கும் நடுவுல ராம்ல ஒரு தொட்டி கட்டுற மாதிரி. நான் 16 ஜிபி குடுத்திருக்கேன், 90 சதவீதம் நிரம்பின அப்புறம்தான் டேப்ப எழுத ஆரம்பின்னு பி ஆப்ஷன்ல சொல்லலாம், அங்க பெரிய எழுத்து பி போடணும், சின்ன பிக்கு வேற அர்த்தம். தொட்டி காலியாச்சுன்னா டேப் நிக்கும், மறுபடி 90 வந்தாத்தான் கிளம்பும். சோர்ஸ் மெதுவா இருந்தாலும் டேப் நிக்கிற எண்ணிக்கை எக்கச்சக்கமா குறையும், ஏன்னா சோர்ஸ் 80 எம்பிதான் தருதுன்னு வச்சுக்குவோம், மூணு நிமிஷம் தொட்டி நிரம்பும், அப்புறம் ஒரு நிமிஷத்துக்கு மேல டேப் முழு வேகத்துல நிக்காம ஓடும், அப்புறம் ஒரே ஒரு தடவ நிக்கும். முன்னாடி சில செகண்டுக்கு ஒரு தடவ நின்னதோட ஒப்பிட்டுப் பாருங்க. மொத்த நேரம் சோர்ஸ் தர்ற வேகத்த தாண்டி குறையாது, அத எதிர்பாக்காதீங்க, ஆனா டேப்புக்கும் ஹெட்டுக்கும் வர்ற தேய்மானம் நிஜமா குறையும். டிரைவுக்குள்ளயே பஃபர் இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கு, 1 ஜிபி மாதிரி, 300 வேகத்துல அது மூணு செகண்டுக்குத்தான் காணும்.

பிளாக் சைஸும், அதாவது ஒரு தடவைக்கு எழுதுற துண்டோட அளவும், மாத்தணும். டார் ஒண்ணும் சொல்லாம விட்டா 10 கேபி பிளாக்ல எழுதும், இந்த மாதிரி டிரைவுக்கு அது சாப்பாட்ட பருக்கை பருக்கையா ஊட்டுற மாதிரி. நான் 512 கேபி வச்சிருக்கேன், 256 கேபியும் போதும்னுதான் நெனைக்கிறேன், 1 எம்பி வச்சுப் பாத்தேன், வித்தியாசம் தெரியல. டிரைவ எம்டி கமாண்ட்ல (லினக்ஸ்ல டேப்ப கட்டுப்படுத்துறது) செட்பிளாக் 0 போட்டு வேரியபிள் மோடுல (எந்த பிளாக் சைஸும் ஏத்துக்கிற நிலை) வைங்க, டாருக்கும் எம்பஃபருக்கும் ஒரே பிளாக் சைஸ் குடுங்க, முக்கியமா அந்த நம்பர கேசட் மேல ஒட்டுற லேபிள்லயே எழுதி வைங்க. திரும்பப் படிக்கும்போது அத விட சின்ன பிளாக் குடுத்தா லினக்ஸ் மெமரி ஒதுக்க முடியலன்னு ஒரு எரர் காட்டும், டேப் போச்சுன்னு நெஞ்சு பதறும், ஆனா டேப்புக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. எனக்கு அப்படி ஒரு சாயங்காலம் போயிருக்கு.

ஃபைல்மார்க்னு ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு ஆர்க்கைவ் முடிவுலயும் டேப்ல போடுற அடையாளம். அத எழுதும்போது டிரைவ் பஃபர்ல இருக்குறதெல்லாம் டேப்ல இறக்கிட்டுத்தான் அடுத்தத வாங்கும். அதனால 50 எம்பி ஆர்க்கைவா ஆயிரம் எழுதினா ஆயிரம் தடவ நிக்கும். 100 ஜிபிக்கு ஒண்ணுன்னா இது ஒரு விஷயமே இல்ல, தேடி எடுக்கவும் வசதியா இருக்கு.

கம்ப்ரஷன்ல எனக்கு ஒரு ஆச்சரியம் இருந்துச்சு. நான் முன்னாடி டாருக்கு அப்புறம் ஜிசிப்னு ஃபைல சுருக்குற புரோகிராம் போட்டுட்டு இருந்தேன், இடம் மிச்சம்னு. ஜிசிப் ஒரே ஒரு சிபியு கோர்லதான் ஓடும், அதுவே மொத்த லைனையும் அடைச்சுடுது. டிரைவுலயே ஹார்ட்வேர் கம்ப்ரஷன் இருக்கு, வேகத்துக்கு எந்த பாதிப்பும் இல்லாம சுருக்கும், அதனால ஜிசிப்ப தூக்கிட்டேன். என் டிஃப் ஒன்றரை மடங்கு சுருங்குது, பழைய காகிதத்தோட கறையும் புள்ளியும் இருக்குறதால அதுக்கு மேல போகல. இங்கதான் கவனிக்கணும், டேட்டா ஒன்றரை மடங்கு சுருங்கினா டிரைவ் பசியும் ஒன்றரை மடங்கு ஏறும், இப்ப அது 450 எம்பி வரைக்கும் வாங்கிக்கும், நிக்காம ஓட வேண்டிய அந்த கீழ் எல்லையும் 100ல இருந்து 150க்கு ஏறிடும். ஜேபெக், வீடியோ, ஏற்கனவே சிப் பண்ணதெல்லாம் சுருங்காது, அங்க 300தான் உச்சம். எனக்கு இப்ப ஜேபெக் மூட்டைங்க 290ல நிலையா போகுது, டிஃப் 420 மாதிரி. 12 டிபி டேப்ல டிஃப் மட்டும் எழுதினா 17 டிபிக்கு மேல பிடிக்கும். என்கிரிப்ஷன் வேணும்னா டிரைவுலயே இருக்குற ஏஇஎஸ் 256 யூஸ் பண்ணுங்க, சாஃப்ட்வேர்ல முன்னாடியே பூட்டிட்டா அப்புறம் டிரைவால எதையும் சுருக்க முடியாது.

கார்டு விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். சாஸ் ஹெச்பிஏ கார்டு (டிரைவ கம்ப்யூட்டரோட நேரா இணைக்கிற கார்டு) வாங்குங்க, ரெய்டு கார்டு வேணாம், நெறைய ரெய்டு கார்டு டேப்ப சப்போர்ட்டே பண்ணாது. கார்டு சூடாகும், பக்கத்துல காத்து போற மாதிரி வைங்க.

எல்டிஎஃப்எஸ்ஸும் ரெண்டு வாரம் ஓட்டிப் பாத்தேன், டேப்ப பென் டிரைவ் மாதிரி மவுண்ட் பண்ணி இழுத்துப் போடுற வசதி, எல்டிஓ-5 காலத்துல வந்தது. கேமரா ஃபைல் மாதிரி பெருசு பெருசா கொஞ்சம் ஃபைல் இருக்குறவங்களுக்கு அருமையா இருக்கும், இன்னொருத்தர் கைல குடுக்கவும் சுலபம். எனக்கு, லட்சக்கணக்குல சின்ன ஃபைல், ஒத்து வரல. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவ இண்டெக்ஸ் எழுத நிக்கும், திரும்ப எடுக்கும்போதும் டேப்ல இருக்குற வரிசைல எடுக்காம பேர் வரிசைல எடுத்தா முன்னாடி பின்னாடி ஓடி ஓடி நாள் கணக்காகும். மூட்டை கட்டிப் போட்டா எல்டிஎஃப்எஸ்லயும் வேகம் நல்லாத்தான் வருது.

சரி, டிரைவ பத்தி மட்டும் சொல்லணும்னா, கட்டமைப்பு உறுதியா இருக்கு, எழுதும்போதே பின்னாடி இருக்குற ரீட் ஹெட்ல படிச்சு சரி பாக்குது, இது பெரிய நிம்மதி. நல்லா ஊட்டினா ஒரே சீரான ரீங்காரம், மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவ திசை மாறுற சின்ன சத்தம், அவ்வளவுதான். இப்பல்லாம் நான் ஸ்க்ரீன பாக்குறதே இல்ல, பக்கத்து ரூம்ல இருந்தே சத்தத்த வச்சு சொல்லிடுவேன், தொட்டி காலியாகுதா இல்லையான்னு. குறைன்னா ஃபேன் சத்தம் அதிகம், படுக்குற ரூம்ல வைக்கவே முடியாது. பாக்ஸ்ல கேபிள் வரல. கூட வந்த புத்தகத்துல லைட் எரியுற விதத்த பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க, டிரைவுக்கு எவ்வளவு வேகத்துல டேட்டா குடுக்கணும்ங்கிறத பத்தி ஒரு வரி இல்ல, அந்த அரை ஸ்டார் குறைச்சது அதுக்குத்தான், அந்த ஒரு வரி இருந்திருந்தா என்ன மாதிரி ஆளுங்க நல்ல டிரைவ திருப்பி அனுப்ப மாட்டாங்க.

ரீஸ்டோர் டெஸ்ட் மூணு தடவ பண்ணிட்டேன், வேற மெஷின்ல, செக்சம் எல்லாம் ஒத்துப் போச்சு. திரும்ப எடுக்கும்போதும் இதே கதைதான், எழுதுற டிஸ்க் வேகமா இல்லன்னா படிக்கிறப்பவும் டேப் நின்னு நின்னு ஓடும், அங்கயும் எம்பஃபர் போடுங்க.

வாங்கலாமான்னு கேட்டா, டேட்டா அஞ்சாறு டிபிக்குள்ள இருந்தா வேணாம், ரெண்டு மூணு ஹார்ட் டிஸ்க்க மாத்தி மாத்தி வச்சாலே போதும். அதுக்கு மேல போய், வருஷா வருஷம் ஏறிட்டும் இருந்தா டேப் மாதிரி நிம்மதி வேற இல்ல. செகண்ட் ஹேண்ட்ல எல்டிஓ-6 கிடைச்சா அதையும் ஒதுக்காதீங்க, 2.5 டிபி, 160 எம்பி, சாதாரண டிஸ்க்காலயே அதுக்கு ஊட்ட முடியும். எல்டிஓ-8 எல்டிஓ-7 டேப்ப படிக்கும் எழுதும், எல்டிஓ-6 டேப்ப தொடாது, பழைய டேப் வச்சிருக்கவங்க இத பாத்துக்கோங்க. எல்டிஓ-9 பக்கம் போறவங்க புது டேப்ப முதல் தடவ போட்டதும் அது தன்ன சரி பண்ணிக்க ரெண்டு மணி நேரம் வரைக்கும் எடுக்கலாம், தொங்கிடுச்சுன்னு பாதில நிறுத்திடாதீங்க.

அப்புறம் டிரைவோட சேத்து கிளீனிங் டேப் ஒண்ணு வாங்கிடுங்க. ஹெட்ல தூசி இருந்தா எழுதினத சரி பாத்து சரி பாத்து மறுபடி எழுதும், மத்ததெல்லாம் ஒழுங்கா இருந்தும் வேகம் மட்டும் காரணமே இல்லாம விழும், எனக்கு அஞ்சாவது மாசம் 290ல இருந்து 210க்கு வந்து நின்னப்ப ஒரு நாள் பூரா கேபிளையும் கார்டையும் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன். டிரைவே லைட் போட்டு கேக்கும்போது மட்டும் போடுங்க, வாரா வாரம் போட்டா ஹெட் தேயும்.